காகிதம் காசான கதை

1690-ம் ஆண்டு நவம்பர் மாதம். அமெரிக்காவின் பாஸ்டன் துறைமுகத்துக்குச் சில கப்பல்கள் வந்து சேர்ந்தன.

கப்பல்களில் வந்தவர்கள் சிப்பாய்கள். அவர்கள் முகத்தில் களையே இல்லை. அம்மை நோய் பலரைக் கொண்டுபோய்விட்டது. மிஞ்சியவர்கள் குளிரில் நடுங்கிக்கொண்டே இறங்கினார்கள்.

கனடாவில் பிரெஞ்சுக்காரர் ஆண்ட கியூபெக் நகரைப் பிடிப்பதற்காகப் புறப்பட்டுப் போன படை அது. 30-க்கு மேற்பட்ட கப்பல்கள்; 2 ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆட்கள். தளபதியின் பெயர் சர் வில்லியம் பிப்ஸ்.

"சரண் அடையுங்கள்" என்று பிப்ஸ் தூது அனுப்பினார். "என் பீரங்கி பதில் சொல்லும்" என்றார் பிரெஞ்சு கவர்னர். சொன்னபடியே செய்தார்!

தோற்றது மட்டும் அல்ல தொல்லை. கியூபெக்கில் கிடைக்கும் கொள்ளையைக் கொண்டே சிப்பாய்களுக்குச் சம்பளம் கொடுத்துவிடலாம் என்று மாசாசூசெட்ஸ் அரசாங்கம் மனக்கணக்குப் போட்டிருந்தது. கொள்ளையும் இல்லை, கஜானாவில் காசும் இல்லை.

சிப்பாய்கள் சம்பளம் கேட்டார்கள். துப்பாக்கி பிடித்த கை கூலி கேட்டால், "நாளைக்கு வா" என்று சொல்ல முடியுமா?

டிசம்பர் 10-ந் தேதி மாசாசூசெட்ஸ் சட்டசபை ஒரு முடிவுக்கு வந்தது. அதுவரை எந்த ஆங்கிலேயக் குடியேற்ற நாடும் செய்யாத காரியம் அது.

"காசு இல்லாவிட்டால் என்ன? காகிதத்தைக் கொடுப்போம்!"

இப்படிப் பிறந்ததுதான் அமெரிக்கக் காகிதப் பணம்.

காசு இல்லாத நாடு

அப்போது அமெரிக்கா தனி நாடு அல்ல. கிழக்குக் கடற்கரை ஓரமாக இங்கிலாந்துக்காரர்கள் குடியேறிய பல நாடுகள் இருந்தன. பின்னால் அவை 13 ஆயின. எல்லாவற்றுக்கும் இங்கிலாந்து அரசரே அரசர்.

நிலம் ஏராளமாக இருந்தது. மரம், மீன், தானியம், தோல் எதற்கும் குறைவு இல்லை. குறைவு ஒன்றே ஒன்றுக்குத்தான். அதுதான் காசு!

அங்கே தங்கச் சுரங்கமும் இல்லை. வெள்ளிச் சுரங்கமும் இல்லை. வியாபாரத்தில் வந்த கொஞ்சநஞ்ச வெள்ளியும் துணி, இரும்புச் சாமான் வாங்குவதற்காக இங்கிலாந்துக்கே கப்பல் ஏறிவிட்டது.

மாசாசூசெட்ஸ் மட்டும் 1652-ம் ஆண்டில் துணிந்து ஒரு நாணயச்சாலை வைத்தது. பைன் மரம் பொறித்த வெள்ளி ஷில்லிங் அங்கே தயாராயிற்று. 30 ஆண்டுகளுக்குப் பிறகு அதுவும் மூடப்பட்டது.

பிறகு ஜனங்கள் என்னதான் செய்தார்கள்?

மாசாசூசெட்ஸில் ஒரு காலத்தில் சிப்பி மணியே காசு. செவ்விந்தியர்கள் கோத்து வைத்திருந்த மணி அது. வர்ஜீனியாவில் புகையிலைதான் பணம்.

1621-ம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து மணப்பெண்கள் கப்பலில் வர்ஜீனியாவுக்கு வந்தார்கள். பெண்ணின் பிரயாணச் செலவுக்காக மாப்பிள்ளை கட்ட வேண்டிய தொகை எவ்வளவு தெரியுமா? 150 ராத்தல் நல்ல புகையிலை!

ஸ்பெயின் நாட்டு வெள்ளி டாலரும் கைமாறிக்கொண்டிருந்தது. சில்லறை வேண்டுமானால் அதையே வெட்டி எட்டுத் துண்டாக்கிக்கொண்டார்கள்.

பக்கத்துக் கனடாவில் நடந்தது இன்னும் வேடிக்கை. 1685-ம் ஆண்டில் சிப்பாய்களுக்குக் கொடுக்கப் பணம் இல்லாமல் பிரெஞ்சு அதிகாரி ஒருவர் திண்டாடினார். ஊரில் கிடைத்த சீட்டுக்கட்டுகளை எடுத்தார். சீட்டின் மேல் தொகையை எழுதிக் கையெழுத்துப் போட்டார். சம்பளமாகக் கொடுத்துவிட்டார். பிரான்சிலிருந்து வெள்ளி வந்ததும் சீட்டுகளைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

அலை போல வெட்டிய சீட்டு

பாஸ்டனில் சிப்பாய்களுக்குக் கொடுத்த சீட்டும் ஒரு வாக்குறுதிதான்.

"இந்தச் சீட்டை வைத்திருப்பவருக்கு மாசாசூசெட்ஸ் இவ்வளவு தொகை கடன்பட்டிருக்கிறது. அரசாங்கத்துக்குச் செலுத்த வேண்டியதை இந்தச் சீட்டாலேயே செலுத்தலாம்." இதுதான் அதில் அச்சிட்டிருந்த விஷயத்தின் சாரம்.

சீட்டின் மேல் ஓரம் அலை அலையாக வெட்டப்பட்டிருந்தது. அடிக்கட்டை அரசாங்கத்திடம் இருந்தது. சந்தேகம் வந்தால் இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்கலாம். அலை பொருந்தினால் நல்ல சீட்டு, பொருந்தாவிட்டால் கள்ளச்சீட்டு.

முதலில் ஜனங்கள் நம்பவில்லை. ஒரு பவுண்டு என்றால் 20 ஷில்லிங். சிப்பாய் ஒரு பவுண்டு சீட்டை நீட்டினால் கடைக்காரர் 12 அல்லது 14 ஷில்லிங் பெறுமான சாமான்தான் கொடுத்தார். ரத்தம் சிந்திச் சம்பாதித்த கூலியில் மூன்றில் ஒரு பங்கு காற்றோடு போயிற்று.

தளபதி பிப்ஸ், தம் சொந்தக் காசைக் கொடுத்து முழு விலைக்குச் சீட்டுகளை வாங்கினார் என்று சொல்வார்கள். "தளபதியே வாங்குகிறாரே!" என்று மற்றவர்களுக்கும் நம்பிக்கை வரவேண்டும் அல்லவா?

அடுத்து அரசாங்கம் ஒரு யுக்தி செய்தது. "சீட்டால் வரி கட்டினால் நூற்றுக்கு 5 கூடுதலாக வரவு வைப்போம்" என்று அறிவித்தது.

உடனே காற்று திசைமாறியது. வரி கட்டவேண்டியவர்கள் எல்லோரும் சீட்டைத் தேடினார்கள். சீட்டு முழு மதிப்புக்கு ஏறியது. ஏறக்குறைய 20 ஆண்டுகள் அந்த மதிப்பு அப்படியே நின்றது.

சீட்டுக்குப் பின்னால் பொன் இல்லை, வெள்ளி இல்லை. "கொடுத்ததை நாங்களே திரும்ப வாங்கிக்கொள்வோம்" என்ற வாக்கு இருந்தது. அந்த வாக்கைக் காப்பாற்றினார்கள். அதுதான் ரகசியம்.

இஸ்திரிப் பெட்டியில் கள்ளநோட்டு

நல்ல நோட்டு வந்தால் பின்னாலேயே கள்ளநோட்டும் வரத்தானே செய்யும்?

மாசாசூசெட்ஸில் ரெஹோபோத் என்று ஓர் ஊர். அங்கே மேரி பட்டர்வொர்த் என்ற பெண் இருந்தாள். ஏழு குழந்தைகளுக்குத் தாய். கணவன் வீடு கட்டும் தச்சன்.

மேரி கள்ளநோட்டு தயாரித்தாள். எங்கே? சமையல் அறையில்! எதைக் கொண்டு? இஸ்திரிப் பெட்டியைக் கொண்டு!

கஞ்சி போட்ட மெல்லிய மஸ்லின் துணியை நனைத்து, நல்ல நோட்டின் மேல் விரிப்பாள். சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்துவாள். எழுத்தும் படமும் துணியில் ஒட்டிக்கொள்ளும். அந்தத் துணியை வெற்றுக் காகிதத்தின் மேல் வைத்து மறுபடியும் அழுத்துவாள். காகிதத்தில் மங்கலாகப் பதிந்த கோடுகளின் மேல் இறகுப் பேனாவால் எழுதுவாள்.

வேலை முடிந்ததும் துணியை அடுப்பில் போட்டுவிடுவாள்.

மற்றக் கள்ளநோட்டுக்காரர்கள் செம்புத் தகட்டில் எழுத்தை வெட்டி அச்சடித்தார்கள். சோதனையில் தகடு அகப்பட்டால் தொலைந்தார்கள். மேரியிடம் தகடு ஏது? சாம்பல்தான் இருந்தது!

வீட்டார் சிலரும் அவளுக்குத் துணை. பாதி விலைக்கு நோட்டுகள் கைமாறின. 1723-ம் ஆண்டில் விஷயம் அம்பலமாயிற்று. மேரியைக் கைது செய்தார்கள். கூட்டத்தில் இருந்தவர்களே காட்டிக்கொடுத்தார்கள். ஆனாலும் கையும் களவுமாகக் காட்ட ஒரு பொருளும் அகப்படவில்லை. வழக்கு நிற்கவில்லை. மேரி வீடு திரும்பினாள். அதற்குப் பிறகு 50 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, 1775-ம் ஆண்டில் இறந்தாள்.

எல்லோருக்கும் இந்த அதிர்ஷ்டம் இல்லை. "கள்ளநோட்டு அடித்தால் மரணம்" என்று பல குடியேற்ற நாடுகளின் நோட்டிலேயே அச்சிட்டிருந்தார்கள்.

மூன்று ரொட்டியோடு வந்த பையன்

மேரி பிடிபட்ட அதே 1723-ம் ஆண்டு. பென்சில்வேனியாவின் தலைநகரான பிலடெல்பியாவுக்கு 17 வயதுப் பையன் ஒருவன் வந்து சேர்ந்தான்.

பையில் இருந்தது ஒரு டச்சு டாலரும் கொஞ்சம் செப்புக்காசும்தான். பசி தாங்காமல் மூன்று பெரிய ரொட்டி வாங்கினான். இரண்டை இரண்டு கக்கத்திலும் இடுக்கிக்கொண்டு, மூன்றாவதைத் தின்றுகொண்டே தெருவில் நடந்தான்.

போகும் வழியில் பார்த்தால் வீடுகள் பலவற்றில் "வாடகைக்கு" என்று அட்டை தொங்கியது. காசு நடமாட்டம் இல்லை, தொழில் இல்லை, ஜனங்கள் ஊரைவிட்டே போய்க்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பையன்தான் பெஞ்சமின் பிராங்க்ளின். பின்னால் இடியையும் மின்னலையும் ஆராய்ந்து உலகப் புகழ் பெற்றவர்.

அந்த ஆண்டுதான் பென்சில்வேனியா காகிதப் பணம் வெளியிட்டது. ஆனால் யுத்தச் செலவுக்கு அல்ல. குடியானவர்களுக்குக் கடன் கொடுப்பதற்கு.

இதற்காக ஒரு கடன் காரியாலயம் திறந்தார்கள். நிலத்தை அடமானம் வைக்க வேண்டும். நிலத்தின் விலையில் பாதிக்கு மேல் கடன் இல்லை. வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு 5. ஆண்டுதோறும் தவணை கட்டித் தீர்க்க வேண்டும். ஒரே பணக்காரர் எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டு போகாதபடி, ஒருவருக்கு இவ்வளவுதான் என்று வரம்பும் கட்டினார்கள்.

குடியானவர் நோட்டை வாங்கி ஏர், மாடு, விதை வாங்கினார். அந்த நோட்டு கொல்லருக்குப் போயிற்று. கொல்லரிடமிருந்து துணிக்கடைக்குப் போயிற்று. கடைசியில் தவணையாகக் காரியாலயத்துக்கே திரும்பி வந்தது. வட்டிப் பணத்தில் அரசாங்கச் செலவு நடந்தது. வரிச்சுமை குறைந்தது.

சில ஆண்டுகளில், வாடகைக்கு ஆள் இல்லாமல் கிடந்த வீடுகளில் குடித்தனம் வந்தது. புது வீடுகளும் எழும்பின.

இலையின் நரம்பு

1729-ம் ஆண்டில் "இன்னும் நோட்டு வேண்டும்" என்று சாதாரண ஜனங்கள் கேட்டார்கள். "கூடாது" என்றார்கள் பணக்காரர்கள். கொடுத்த கடன் மதிப்புக் குறைந்த நோட்டாகத் திரும்பி வருமோ என்று அவர்களுக்குப் பயம்.

23 வயதுப் பிராங்க்ளின் பேனாவை எடுத்தார். காகிதப் பணம் ஏன் வேண்டும் என்று ஒரு சிறு புத்தகம் எழுதி, பெயர் போடாமல் வெளியிட்டார். அதற்குச் சரியான மறுப்பு எழுத எதிர்த்தரப்பில் ஆள் இல்லை. சட்டசபையில் மசோதா நிறைவேறியது.

பிராங்க்ளின் அச்சுக்கூடம் வைத்திருந்தவர். பின்னால் நோட்டு அச்சடிக்கும் வேலையே அவருக்குக் கிடைத்தது. நல்ல வரும்படி!

கள்ளநோட்டுக்காரர்களை மடக்க அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். மரத்தின் இலையைப் பறித்து அச்செடுத்தார். அந்த அச்சில் உலோகத்தை வார்த்தார். இலை அப்படியே நோட்டில் பதிந்தது.

ஓர் இலையின் நரம்பு மாதிரி இன்னோர் இலையின் நரம்பு இருக்காது. மயிரிழை போன்ற அந்தக் கோடுகளை எந்தக் கை வெட்ட முடியும்?

அவருடைய தந்திரங்கள் இவ்வளவுதானா? 2023-ம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானிகள், அந்தக் காலத்து நோட்டுகள் சுமார் 600-ஐச் சோதித்து வெளியிட்ட முடிவுகளைப் பாருங்கள். பிராங்க்ளின் கூட்டத்தார் அச்சடித்த நோட்டுகளின் காகிதத்தில் நீல நிற நூலிழை இருந்தது. மின்னும் காக்காப்பொன் துகளும் கலந்திருந்தது. மையிலோ, பென்சிலில் இருக்கிறதே, அந்தக் கருப்புப் பொருள் சேர்ந்திருந்தது.

333 போய் 44

பென்சில்வேனியா இப்படி வாக்கைக் காப்பாற்றியது. முதலில் நோட்டு வெளியிட்ட மாசாசூசெட்ஸ் என்ன செய்தது?

யுத்தம் வரும்போதெல்லாம் நோட்டு அடித்தது. "வரி வசூலித்து நோட்டைத் திரும்ப வாங்கிவிடுவோம்" என்று ஒவ்வொரு தடவையும் சொன்னது. தவணை நாள் வந்ததும், "அடுத்த ஆண்டு பார்க்கலாம்" என்று தள்ளிப்போட்டது. பழைய நோட்டு திரும்புவதற்கு முன்பே புது நோட்டு வெளியே வந்தது.

விலைவாசி ஏறியது. நோட்டின் மதிப்பு இறங்கியது.

1700-ம் ஆண்டு வாக்கில் ஒரு ஸ்பெயின் வெள்ளி டாலருக்கு 6 ஷில்லிங். 1749-ம் ஆண்டில் அதே டாலருக்கு 45 ஷில்லிங்!

ஒரு கணக்குப் பார்ப்போம். கணவன் சாகும்போது மனைவிக்கு 100 பவுண்டு வைத்துவிட்டுப் போகிறான். பழைய மதிப்பில் அதற்கு 333 வெள்ளி டாலர் கிடைக்கும். 1749-ல் அந்த 100 பவுண்டு நோட்டுக்குக் கிடைப்பது 44 டாலர்தான்.

யாரும் பெட்டியை உடைக்கவில்லை, பூட்டைத் தொடவில்லை. பெட்டிக்குள் இருந்த பணம் மட்டும் கரைந்துவிட்டது!

விதவைகள், அநாதைக் குழந்தைகள், நிலையான சம்பளம் வாங்கிய பாதிரிமார்கள் எல்லோரும் இப்படித் தவித்தார்கள். கடன் வாங்கியவனுக்கோ கொண்டாட்டம். வாங்கியதில் ஒரு பங்கைக் கொடுத்துக் கடனைத் தீர்த்துவிட்டான்.

ஏலத்துக்கு வந்த வீடு

1740-ம் ஆண்டில் மாசாசூசெட்ஸ் ஜனங்களில் சிலர் தாங்களே கூடி ஒரு நில பாங்கி தொடங்கினார்கள். நிலத்தை ஈடாக வைத்து நோட்டு வெளியிட்டார்கள். அதன் டைரக்டர்களில் ஒருவர் சாமுவேல் ஆடம்ஸ்.

பாஸ்டன் பணக்கார வியாபாரிகள் எதிர்த்தார்கள். 1741-ல் லண்டன் பார்லிமெண்டு, "இந்த பாங்கி செல்லாது" என்று சட்டம் போட்டது. "வெளியே போன நோட்டுக்கு டைரக்டர்கள் தங்கள் சொந்தச் சொத்திலிருந்து பதில் சொல்லவேண்டும்" என்றும் சொல்லிவிட்டது.

ஆடம்ஸ் குடும்பத்தின் மேல் இடி விழுந்தது. வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது. 1748-ல் அவர் இறந்துபோனார். அப்போதும் தொல்லை தீரவில்லை. 1758-ல் ஷெரீப் குடும்பச் சொத்தை ஏலம் போட வந்தார்.

தகப்பன் பெயரே கொண்ட மகன் விடவில்லை. "ஏலம் எடுப்பவர்கள் மேல் வழக்குப் போடுவேன்" என்று பத்திரிகையில் எச்சரித்தார். ஏலம் நடக்கவில்லை.

லண்டன் சட்டம் தம் வீட்டு வாசல்படிவரை வந்ததை அந்த மகன் மறக்கவில்லை. பின்னால் இங்கிலாந்து ஆட்சியை எதிர்த்து பாஸ்டன் மக்களைத் திரட்டிய தலைவர் சாமுவேல் ஆடம்ஸ் அவர்தான்!

217 பெட்டி வெள்ளி

1745-ல் பிரெஞ்சுக்காரரிடமிருந்து லூயிஸ்பர்க் கோட்டையைப் பிடிப்பதற்கு மாசாசூசெட்ஸ் நிறையச் செலவு செய்தது. அந்தச் செலவை இங்கிலாந்து திருப்பிக் கொடுத்தது.

1749-ம் ஆண்டில் கப்பல் வந்தது. 217 பெட்டி நிறைய ஸ்பெயின் வெள்ளி! 100 பீப்பாய் நிறையச் செப்புக்காசு!

"இதைக் கொடுத்துப் பழைய நோட்டை எல்லாம் வாங்கிக் கணக்கைத் தீர்த்துவிடுவோம்" என்று யோசனை சொன்னவர் சட்டசபைத் தலைவர் தாமஸ் ஹட்சின்சன்.

ஜனங்களுக்குக் கோபம் வந்தது. நோட்டு போய்விட்டால் ஏழைக்குக் காசு ஏது என்று பயந்தார்கள். அந்தச் சமயத்தில் ஹட்சின்சன் வீட்டில் தீப்பற்றியது. "எரியட்டும், விடு!" என்று தெருவில் சிலர் கத்தினார்கள்.

ஆனாலும் திட்டம் நடந்தது. 45 ஷில்லிங் நோட்டுக்கு ஒரு வெள்ளி டாலர் கொடுத்தார்கள். மாசாசூசெட்ஸில் மறுபடியும் வெள்ளி நடமாடியது.

நாய்க்கு நோட்டுச் சட்டை

லண்டன் வியாபாரிகள், கொடுத்த கடன் தேய்ந்த நோட்டாக வருகிறதே என்று பார்லிமெண்டில் முறையிட்டார்கள். 1751-ல் மாசாசூசெட்ஸ் முதலான நான்கு குடியேற்ற நாடுகளுக்கு நோட்டுக் கட்டுப்பாடு வந்தது. 1764-ல் மற்றவற்றுக்கும் வந்தது. வாக்கைக் காப்பாற்றிய பென்சில்வேனியாவும் தப்பவில்லை.

1766-ல் பார்லிமெண்டு பிராங்க்ளினை விசாரித்தது. "இங்கிலாந்தின் மேல் அமெரிக்கர்களுக்கு இருந்த மரியாதை ஏன் குறைந்தது?" என்று கேட்டார்கள். அவர் சொன்ன காரணங்களில் காகிதப் பணத்தைத் தடுத்ததும் ஒன்று.

1775-ல் சண்டை மூண்டது. 13 நாடுகளும் சேர்ந்து அமைத்த காங்கிரஸ், யுத்தச் செலவுக்குத் தானே நோட்டு அடித்தது. முதலில் 20 லட்சம் டாலர். கடைசியில் சுமார் 24 கோடி டாலர்!

வரி போட காங்கிரசுக்கு அதிகாரம் இல்லை. கொடுத்த நோட்டைத் திரும்ப வாங்க வழியே இல்லை. போதாததற்கு, ஆங்கிலேயர் கையில் இருந்த நியூயார்க்கில் கள்ளநோட்டு மலிந்தது. "காகித விலைக்கே காங்கிரஸ் கள்ளநோட்டு கிடைக்கும்" என்று 1777-ல் பத்திரிகையில் விளம்பரமே வந்தது!

ஒரு வண்டி நிறைய நோட்டு கொண்டுபோனாலும் ஒரு வண்டி உணவுப் பொருள் வாங்க முடியவில்லை என்று 1779-ல் தளபதி ஜார்ஜ் வாஷிங்டன் வருந்தி எழுதினார்.

1780-ல் காங்கிரசே, 40 டாலர் நோட்டுக்கு ஒரு வெள்ளி டாலர்தான் என்று ஒப்புக்கொண்டது. 1781-ல் பிலடெல்பியாவில் ஓர் ஊர்வலம் நடந்தது. தொப்பியில் நோட்டைச் செருகிக்கொண்டு ஜனங்கள் நடந்தார்கள். கூடவே ஒரு நாய். அதன் உடம்பு முழுவதும் தார் பூசி நோட்டுகளை ஒட்டியிருந்தார்கள்!

சிப்பாய்களுக்குச் சம்பளமாகக் கொடுத்ததும் அதே நோட்டுதான். கியூபெக்கிலிருந்து வந்த சிப்பாய் மூன்றில் ஒரு பங்கை இழந்தான். சுதந்திரத்துக்காகப் போராடிய சிப்பாய் ஏறக்குறைய எல்லாவற்றையும் இழந்தான். 1790-ல் அரசாங்கம் கணக்குத் தீர்த்தபோது, 100 டாலர் நோட்டுக்கு ஒரு டாலர் பத்திரம்தான் கிடைத்தது.

1787-ல் எழுதிய அமெரிக்க அரசியல் சட்டத்தில், எந்த ராஜ்யமும் இனிமேல் இப்படிக் கடன் நோட்டு வெளியிடக்கூடாது என்று விதி சேர்த்தார்கள். சூடு கண்ட பூனை!

அந்தப் பழைய நோட்டுகளை இப்போது பொருட்காட்சிச்சாலைகளில் பார்க்கலாம். பிராங்க்ளின் பதித்த இலையின் நரம்பு இன்னும் தெளிவாகத் தெரிகிறது. "மரணம்" என்ற எச்சரிக்கையும் மங்கவில்லை.

மாசாசூசெட்ஸ் நோட்டும் காகிதம்தான். பென்சில்வேனியா நோட்டும் காகிதம்தான். கொடுத்தவர் திரும்ப வாங்கிக்கொண்டவரை அது பணமாக இருந்தது. வாங்க மறுத்த அன்று, நாயின் முதுகில் ஒட்டத்தான் உதவியது.